கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) உள்ள பெரியவர்களுக்கு யோகா: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். காரைக்குடியில் பெரியவர்களுக்கு யோகா சொல்லித் தருகிறோம். தலைகீழாக நிற்கும் சிரசாசனத்தில் கண்ணின் உள்ளழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். கிளாக்கோமா இருந்தால் அது அறவே கூடாது. தோள்களை ஊன்றி உடலை மேலே தூக்கும் சர்வாங்காசனமும் அப்படித்தான். பலர் கவனிக்காதது, கைகால்களை ஊன்றி இடுப்பை உயர்த்தும் அதோமுக ஸ்வானாசனமும், நின்றபடி முன்னால் குனியும் உத்தானாசனமும்கூட ஒரு நிமிடத்திலேயே அழுத்தத்தை ஏற்றிவிடும். சொட்டு மருந்து போடுகிறோமே என்று துணிவது தவறு.

அதனால் சூரிய நமஸ்காரத்தை நாற்காலியில் உட்கார்ந்தே செய்ய வைக்கிறோம். குனிந்தாலும் தலை இதயத்துக்குக் கீழே இறங்காது. மூச்சை அடக்கும் கும்பகமும் இல்லை.

இடுப்பை உயர்த்திக் கால்களை மேலே தூக்கும் விபரீதகரணிக்குப் பதிலாக, தலையணை வைத்துப் படுத்துக் கால்களை நாற்காலிமேல் போடலாமா? தலை எவ்வளவு உயர வேண்டும்? கண் மருத்துவர்கள் யாராவது சொல்லுங்கள்.

இன்னொன்று: ஆத்தங்குடிக் கல் தரையில் நாற்காலி வழுக்குகிறது. சுவரோடு ஒட்டிப் போட்டும் முன்கால்கள் நகர்கின்றன. காலுக்கு மாட்ட நல்ல ரப்பர் புஷ் தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் எங்கே கிடைக்கும்?