புதுப்பிப்பு: வால்பாறை போய் வந்தாச்சு

"பழைய காரில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வால்பாறை ஏறலாமா?" என்று போன வாரம் கேட்டிருந்தேன் அல்லவா? ஏறி, இறங்கியும் வந்துவிட்டோம். ஆழியாறு சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்தார்கள், அதோடு சரி. 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவதில் நிறுத்தினால், தடுப்புச்சுவர் மேலேயே இரண்டு வரையாடுகள்! அம்மாவுக்கு வாந்தி வரவில்லை. வீராப்பு பேசிய தம்பிக்குத்தான் வந்தது.

நண்பன் வீடு தேயிலைத் தோட்டக் குடியிருப்பில். மழை விடவே இல்லை. புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகளைப் பார்த்தோம். மற்றபடி அடுப்படியில் உட்கார்ந்து கல்லூரிக் கதைதான்.

அப்புறம், இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வரச் சொன்னவருக்கு நன்றி. பிரேக் சூடாகவே இல்லை.