புதுப்பிப்பு: மேனேஜர் பதவி, சரி என்று சொல்லிவிட்டேன் (ஒரு நிபந்தனையோடு)

கம்ப்யூட்டர் கோடு (code) எழுதிக்கொண்டிருக்கும் என்னை மேனேஜர் ஆகச் சொல்கிறார்கள், ஏற்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஆள் எடுப்பதிலும் சம்பள உயர்விலும் என் பேச்சு எடுபடுமா, இல்லை திட்டு வாங்க மட்டும் நானா என்று மேலதிகாரியிடமே கேட்டேன், சிரித்து மழுப்பினார். அப்புறம் அவர் விடுப்பில் போன இரண்டு வாரம் அவர் வேலையைப் பார்த்தேன். ஒரு நாள் காலையில் திறந்த ஃபைல் சாயங்காலம் வரை அதே 14ஆம் வரியில் நின்றது. நடுவில் ஆறு மீட்டிங், போதாததற்கு ராஜினாமா செய்யப்போவதாக வந்த பையனோடு முக்கால் மணி நேரப் பேச்சு. வேடிக்கை என்னவென்றால் அந்த முக்கால் மணி நேரம்தான் எனக்குப் பிடித்திருந்தது (அவன் போகவில்லை). ஆறு மாதத்தில் ஒத்துவராவிட்டால் பழைய வேலைக்கே திரும்பலாம் என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கியிருக்கிறேன். சம்பளப் பேச்சு மட்டும் இன்னும் இழுபறி.