முதியோர் இல்லச் சமையலறை: மிச்ச உணவுக்கு லேபிள் எழுதுவது எப்படி?

கேள்வி:
பெங்களூரு பானசவாடியில் 40 பேர் தங்கும் முதியோர் இல்லம். சமையலறையில் தமிழ், கன்னடம், இந்தி பேசுபவர்கள் கலந்து இருக்கிறார்கள். டப்பாவில் தேதி மட்டும் எழுதுகிறோம், ஸ்டிக்கரும் ஈரத்தில் உரிந்துவிடுகிறது. சாதம், சாம்பார், மிக்ஸியில் அரைத்த உணவு இவற்றை எவ்வளவு நேரம் வைக்கலாம்?

பதில் 1:
சார், லேபிளில் பெரிதாக இருக்க வேண்டியது தூக்கிப்போட வேண்டிய தேதியும் நேரமும். செய்த நேரத்தை மட்டும் எழுதினால் ஆளுக்கொரு கணக்குப் போடுவார்கள், ஷிஃப்ட் மாறும்போது தப்பு அங்கேதான் நடக்கும். உணவின் பெயர், செய்த நேரம், செய்தவர் இனிஷியல் ஆகியவை சின்னதாக இருந்தால் போதும். 24 மணி நேரக் கணக்கில் 13:30 என்று எண்ணில் எழுதினால் மொழிப் பிரச்சினை பாதி தீரும். பாத்திரத்தைத் துடைத்துக் காயவைத்து, மாஸ்கிங் டேப் ஒட்டி, பர்மனென்ட் மார்க்கரால் எழுதுங்கள். மூடியில் ஒட்டவே கூடாது, மூடிகள் மாறிவிடும். கழுவப் போடும்போதே பழைய டேப்பை உரித்துவிடச் சொல்லுங்கள்.

பதில் 2:
லேபிள் சரியாக இருந்தும் சாம்பார் கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஆறவைக்கும் முறைதான். அண்டாவோடு ஃபிரிட்ஜில் வைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும், கிருமி பெருக அதுவே போதும். 5 செ.மீ. ஆழத்துக்கு மேல் போகாமல் தட்டையான டிரேக்களில் பிரித்து, ஐஸ் தண்ணீரில் வையுங்கள். 60 டிகிரி செல்சியஸிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள் வர வேண்டும். அடுத்த 4 மணி நேரத்துக்குள் 5 டிகிரி. புரோப் தெர்மாமீட்டரை நடுவில் குத்திப் பாருங்கள்.

சாதத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது. சாதம் வெளியே கிடந்தால் அவை முளைத்து நச்சு உண்டாக்கும், வாந்தி வரவைக்கும் அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. "நல்லா கொதிக்க வெச்சுட்டோம்" என்பது இங்கே செல்லாது.

ஹோட்டல்களில் மிச்ச உணவை ஃபிரிட்ஜில் 3 நாள் வைக்கலாம். முதியவர்களுக்கு நான் 24 மணி நேரத்தைத் தாண்ட விடமாட்டேன், லிஸ்டீரியா என்ற கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும். சூடாக்குவது ஒரே ஒரு முறை, நடுவில் 75 டிகிரி வரை.

பதில் 3:
அரைத்த உணவை அந்தந்த வேளைக்கு மட்டும் அரையுங்கள் மேடம், சார். மிக்ஸி பிளேடுக்கு அடியில் தங்கும் பழைய துணுக்கு புது உணவில் கலந்துவிடும், ஜாரை முழுக்கக் கழற்றிக் கழுவ வேண்டும். டியூப் ஃபீடிங்குக்கு (குழாய் வழியாக உணவு கொடுப்பது) வீட்டு முறையில் அரைத்தது என்றால் வெளியே 2 மணி நேரம்தான். இந்த டப்பாக்களில் யாருக்கு என்ற அறை எண்ணும், உப்பு குறைவு, சர்க்கரை இல்லை என்பதும் கட்டாயம் இருக்கணும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கரண்ட் போனால்?

பதில் 2:
திறக்காத ஃபிரிட்ஜ் 4 மணி நேரம் வரை தாங்கும். கரண்ட் போன நேரத்தைக் கதவிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.