புதுப்பிப்பு: செங்கோட்டை வீட்டில் கவுன்சலிங் அறை

ஆன்லைன் கவுன்சலிங்குக்காக வீட்டுப் பின்னறையைக் குறைந்த செலவில் தயார் செய்ய யோசனை கேட்டிருந்தேன் அல்லவா? அறை தயார். சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவரில் முட்டை அட்டை ஒட்டச் சொன்னவர்கள் மன்னிக்கவும். அது அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும். பேச்சு வெளியே போவதைத் தடுக்காது. பேச்சு கசிந்தது கதவுக்கு அடியில்தான். அங்கே ரப்பர் பட்டை அடித்து, கதவுச் சட்டத்தைச் சுற்றி ஸ்பாஞ்சு டேப் ஒட்டியதும் கூடத்தில் இருக்கும் அம்மாவுக்குக் குரல் கேட்கிறது, என்ன பேசுகிறோம் என்பது புரியவில்லை. அறை வாசலில் டேபிள் ஃபேன் ஓடினால் அந்தக் குரலும் கேட்பதில்லை. எதிர்முனைக் குரலுக்கு ஹெட்போன் போதும். 2017 மனநலச் சட்டமே ரகசியக் காப்பை உரிமை என்கிறது. அதனால் மைக் வாங்கும் முன் கதவுக்குத்தான் செலவு செய்தேன். சாரல் காலத்தில் சன்னல் மேல் தகரச் சாய்ப்பில் மழை விழும் சத்தம்தான் பாக்கி. புளியரை, ஆரியங்காவு பக்கம் யாராவது சமாளித்திருந்தால் சொல்லுங்கள்.