பேருந்து நிலையத் திரையில் ‘சேலம்’ என்பது ‘சலேம்’ ஆகிறது: உதவி வேண்டும்

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் வண்டி புறப்படும் நேரத்தையும் ஊரின் பெயரையும் காட்டும் பெரிய திரை ஒன்று வைக்கப்பட்டுள்ளது. அதை இயக்குவது ஒரு ராஸ்பெர்ரி பை சிறு கணினி. பைத்தானில் எழுதப்பட்ட நிரல், பில்லோ தொகுப்பின் துணையுடன் பெயர்களைப் படமாக வரைந்து திரைக்கு அனுப்புகிறது. ஆங்கிலப் பெயர்களில் குறையில்லை. தமிழில் ‘சேலம்’ ‘சலேம்’ என்றும், ‘பெரம்பலூர்’ ‘பரெம்பலூர்’ என்றும், ‘தேவாரம்’ ‘தவோரம்’ என்றும் தெரிகின்றன. ‘மதுரை’யில் இணைக்கொம்பு கடைசியில் தனியே நிற்கிறது. ‘நாமக்கல்’ மட்டும் ஒழுங்காக வருகிறது. கல்லூரி மாணவர்கள் படம் பிடித்துச் சிரிக்கிறார்கள். ஆனால் எழுத்துக் கூட்டிப் படித்து வண்டியேறும் முதியவர்கள் உண்மையாகவே தடுமாறுகிறார்கள். எழுத்துருவை மாற்றியும் பயனில்லை. அதே பட்டியல் கைப்பேசியில் சரியாகத் தெரிகிறது. எங்கே பார்க்க வேண்டும்?

மறுமொழி 1:
ஐயா, நீங்கள் தந்த எடுத்துக்காட்டுகளிலேயே விடை இருக்கிறது. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு வரும் பெயர்கள்தாம் கெடுகின்றன. அவை இல்லாத நாமக்கல் தப்பிவிடுகிறது. ஒருங்குறியில் (யூனிகோடில்) ‘சே’ என்பது முதலில் ‘ச’, அடுத்து இரட்டைக்கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைப்பது, திரையில் வரையும் நேரத்தில் ஹார்ஃப்பஸ் போன்ற வடிவமைப்பு நிரல் செய்ய வேண்டிய வேலை. அந்த வேலை நடக்காவிட்டால் சேமித்த வரிசையிலேயே குறிகள் வரையப்படும். ‘ச’வுக்குப் பின் நிற்கும் கொம்பு, கண்ணுக்கு ‘ல’வைச் சேர்ந்ததாகத் தெரியும். தேவாரத்தில் அந்தக் கொம்பும் ‘வா’வின் துணைக்காலும் ‘வ’வின் இரு பக்கமும் அமைந்துவிடுவதால் ‘வோ’ பிறக்கிறது. இடமாற்றத்துக்கும் கூட்டெழுத்துக்கும் உரிய விதிகள் எழுத்துருவுக்குள் இருந்தாலும் அவற்றைப் படித்து நடக்க ஒரு நிரல் வேண்டும். ஆகவேதான் எழுத்துருவை மாற்றியும் பயனில்லை.

பில்லோவில் இரண்டு வரையும் முறைகள் உண்டு: அடிப்படை முறை ஒன்று, ஹார்ஃப்பஸ்ஸின் துணையுடன் இயங்கும் ராக்ம் முறை மற்றொன்று. ராக்ம் இல்லாத கணினியில் பில்லோ பிழைச்செய்தி தந்து நின்றுவிடாமல் அடிப்படை முறையிலேயே வரைந்துகொண்டிருக்கும் என்பதால், குறை திரைக்கு வந்த பிறகே தெரிகிறது. பில்லோவின் ‘ஃபீச்சர்ஸ்’ பகுதியில் ராக்ம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்று வந்தால் அதையும், அதற்குத் தேவையான ஃப்ரிபிடி என்னும் துணைநிரல் தொகுப்பையும் நிறுவிவிட்டு நிரலை மறுபடி தொடங்குங்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை நானும் வழிமொழிகிறேன். ஆங்கில எழுத்துக் குவியலாக வந்திருந்தால், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட பட்டியல் என்று ஐயுற்றிருப்பேன். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்ற பின்னும் அத்தகைய கோப்புகள் அலுவலகங்களில் புழங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. உங்களுடையது அந்த வகை அன்று. பேருந்தின் நெற்றியில் ஓடும் எல்இடி பலகைகளிலும் இதே குறையைக் காணலாம். எழுத்தை அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியே வரைவதாக இருந்தால், பெயரை வேறு கணினியில் படமாக ஆக்கி அனுப்புவதே நம்பகமான வழி.

கேட்டவர்:
மிக்க நன்றி. ராக்ம் இல்லை என்றே வந்தது. இரண்டையும் நிறுவியதும் சேலமும் தேவாரமும் சீராகிவிட்டன. இன்னொன்று எஞ்சியிருக்கிறது. ‘ராமநாதபுரம்’ என்பது ‘ராமநாதபுரம’ என்று புள்ளியில்லாமல் முடிகிறது. நிரலில் ஊர்ப்பெயருக்குப் பத்தெழுத்து வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயரில் ஏழெழுத்துதானே இருக்கிறது?

மறுமொழி 1:
நாம் எண்ணினால் ஏழுதான். பைத்தான் எண்ணுவது ஒருங்குறிக் குறியீடுகளை. துணைக்கால், உகரக் குறி, புள்ளி ஆகிய ஒவ்வொன்றும் அதற்குத் தனிக் கணக்கு. அப்படிப் பார்த்தால் ராமநாதபுரத்தில் பதினொன்று உண்டு. பதினொன்றாவதாகிய புள்ளி வெட்டுப்படுகிறது. வரம்பைப் பன்னிரண்டாகவோ பதினைந்தாகவோ உயர்த்தினால் அதைவிட நீண்ட வேறொரு பெயரில் இதே சிக்கல் திரும்ப வரும் என்பதால், எழுத்தை எண்ணுவதையே விட்டுவிடுங்கள். பெயரை முழுமையாகப் படமாக வரைந்து அதன் அகலத்தை அளந்து, திரையில் அடங்காவிட்டால் எழுத்தின் அளவைச் சற்றுக் குறையுங்கள், அல்லது அந்தப் படத்தை இடப்பக்கம் நகர்த்திக் காட்டுங்கள். நகர்த்துவதானாலும் எழுத்துச் சரத்தைத் துண்டாக்க வேண்டாம். வரைந்த படத்தை மட்டுமே நகர்த்துங்கள். திரையில் ஏற்றுவதற்கு முன் தேவகோட்டை, கொடைக்கானல், பொள்ளாச்சி, கோயம்புத்தூர் ஆகிய பெயர்களை ஓட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் இருபுறமும் நிற்கும் எழுத்துகள் இவற்றில் இருக்கின்றன.