டெர்மினலைத் தொடாமல் லினக்ஸுக்கு மாற முடியுமா?

கருந்திரை: 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தாலும் முடிந்தது, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறச் சொல்லி ஆளாளுக்கு உபதேசம் தொடங்கிவிட்டார்கள். நேற்று புதினா இங்கே எழுதியது: “லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்டை நிறுவுங்கள், கட்டளைகளைத் தட்டச்சும் டெர்மினலைத் தொடவே வேண்டாம்.” இதை நம்பி வருகிறவர் தமிழ்99 விசைப்பலகை முறையில் ஒரு வரி தட்டச்சு செய்யட்டும். அமைப்புகளில் உள்ள தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துவிட்டு ‘பக்கம்’ அடித்தால் ‘பககம்’ என்று வந்து நிற்கும். தானாகப் புள்ளி வைப்பதற்கு ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள் வேண்டும். அதற்கு டெர்மினல் வேண்டும்.

புதினா: வேண்டாம். மின்டில் சினாப்டிக் என்ற மென்பொருள் நிறுவும் கருவி கூடவே வருகிறது. தேடி, குறியிட்டு, நிறுவ வேண்டியதுதான்.

கருந்திரை: சினாப்டிக்கைத் திறந்தால் ஆயிரக்கணக்கான மென்பொருள் பொதிகள் கொட்டுகின்றன. ஒரே வரிக் கட்டளை அதைவிடக் கடினமா? இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டு நிறுவியவருக்கு சினாப்டிக்கே உடன் வராதே, அவர் என்ன செய்வார்?

புதினா: நான் உபுண்டுவைப் பரிந்துரைக்கவே இல்லை. அங்கே ஸ்னாப் என்ற பொதி முறையைத் திணிக்கிறார்கள். 2020-இல் மின்ட் 20 வந்தபோதே அதற்குக் கதவை அடைத்துவிட்டார்கள்.

ஆலமரம்: இரண்டுக்கும் வேர் 1993-இல் தொடங்கிய டெபியன் என்ற லினக்ஸ். வேரை விட்டுவிட்டுக் கிளையில் சண்டை.

வடகரை: புதியவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது வேறு. விண்டோஸ் வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் மீட்புத் திறவுகோலை எழுதி வையுங்கள். லினக்ஸைப் பென்டிரைவிலிருந்தே இயக்கி, வைஃபை வேலை செய்கிறதா என்று பாருங்கள். விண்டோஸையும் வைத்திருப்பதாக இருந்தால் அதை முழுமையாக மூடவிடாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். என் அக்காள் மகள் அதை அணைக்கவில்லை. லினக்ஸில் ஆய்வேட்டைத் திறந்து திருத்திவிட்டாள், சேமிக்க முடியவில்லை. விண்டோஸின் வட்டுப் பகுதி படிக்க மட்டுமே திறந்திருந்தது.

கருந்திரை: அதைச் சரிசெய்ய எங்கே போனீர்கள்? டெர்மினலுக்குத்தானே?

வடகரை: இல்லை. விண்டோஸுக்குள் போய் அதை அணைத்து, முழுமையாக மூடினோம்.

கருந்திரை: விண்டோஸை அழித்துவிட்டவர் எங்கே போவார்?

வடகரை: அழித்தவருக்கு இந்தச் சிக்கலே வராது ஐயா!

புதினா: போன மாதம் பிரின்டர் பற்றிக் கேட்ட ஆசிரியருக்கும் கருந்திரை இப்படித்தான் கட்டளைகளை அள்ளிக் கொட்டினார். பாவம், மனிதர் விண்டோஸுக்கே திரும்பிவிட்டார்.

கருந்திரை: அவர் திரும்பியது டிரைவர் கிடைக்காததால். என் தலையில் கட்டாதீர்கள். நீங்கள் அன்று அவருக்கு ஒரு வரியாவது பதில் எழுதினீர்களா?

புதியவன்: சினாப்டிக்கில் எம்17என் என்று தேடினேன், பல பெயர்கள் வருகின்றன. எதைக் குறியிட வேண்டும்?

கருந்திரை: பார்த்தீர்களா! டெர்மினலில் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

புதினா: ஐபஸ்-எம்17என் மட்டும் போதும் நண்பரே, தேவையான மற்றவை தானாகச் சேர்ந்துகொள்ளும். கருந்திரை, பொதியின் பெயர் தெரியாதவர் டெர்மினலில் மட்டும் எதை அடிப்பார்?

கருந்திரை: பெயரை முதல் பதிவிலேயே எழுதிவிட்டேன். ‘பககம்’ என்று அடித்துக்கொண்டிருப்பவர்கள் மேலே போய்ப் படிக்கட்டும்.