மீட்டர் சரியென்றாலும் வெள்ளை ஏன் சாம்பலாகிறது?

கேள்வி: வெள்ளைச் சுவரின் முன் வெள்ளை உடையில் நிற்பவரைப் படமெடுத்தால், கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் சரியென்று காட்டும்போதும் படம் மங்கிச் சாம்பல் பூத்து வருகிறது. கையில் பிடித்து அளக்கும் தனி மீட்டர் அவசியமா?

பதில் 1: அவசியமில்லை. கேமராவிலுள்ள மீட்டர் பொருளில் பட்டுத் திரும்பும் ஒளியையே அளக்கிறது. எதிரே இருப்பது வெள்ளையா கறுப்பா என்று அறியாமல், எதையும் நடுத்தரச் சாம்பலாகவே கருதிக் கணக்கிடுவதால், வெள்ளை மிகுந்த காட்சியில் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, குறைத்துவிடுகிறது. அந்த அளவை நாமே கூட்டிக் குறைக்க உதவும் காம்பன்சேஷன் அமைப்பை +1 முதல் +2 வரை கூட்டிப் பாருங்கள். கறுப்பு மிகுந்திருந்தால் குறைக்க வேண்டும்.

பதில் 2: கூட்டும்போது, படத்தின் இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தைக் கவனியுங்கள். வரைபடம் அங்கே முட்டி நின்றால் உடையின் மடிப்புகளும் நெசவும் வெறும் வெண்மையில் கரைந்துவிடும்.

பதில் 3: தனி மீட்டர் பொருளின் மீது விழும் ஒளியை அளப்பதால் நிறத்தைக் கண்டு ஏமாறாது. ஆயினும், பல ஃபிளாஷ்களைச் சமன்செய்யும் ஸ்டுடியோ வேலைக்கே அது செலவுக்கு ஈடாகும் என்பது என் கருத்து.